சிறுவாட்டுக் கணக்கும் செல்போன் ஞாபகமும்



செல்போனில் கேட்டால் பதில் சொல்லும் ஏ.ஐ. உதவியாளரைப் பற்றி இப்போது எல்லா வீட்டிலும் பேச்சு அடிபடுகிறது. சமையல் குறிப்பு கேட்கலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரச் சொல்லலாம் என்பதெல்லாம் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது அதன் ஞாபகத்தைப் பற்றி. நேற்றுச் சொன்னதை அது இன்றைக்கும் நினைவில் வைத்திருப்பதால் நம் போன்ற இல்லத்தரசிகளுக்கு என்ன லாபம், அதிலேயே என்ன ஆபத்து என்று, வற்றல் போட்டு விற்கும் ஒருத்தியாக நான் பார்த்த வரையில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் சீமைக் கருவேலம்தான் விளைச்சல். ஆண்டவன் எங்களுக்குக் குறைவில்லாமல் கொடுத்தது வெயில் ஒன்றுதான். அதை வைத்துத்தான் நானும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் ஆறு வருடமாக வற்றல் போட்டு அருப்புக்கோட்டைக் கடைகளுக்கும், மதுரையில் இருக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்து வருகிறோம். கூழ் வற்றல், மோர் மிளகாய், மிதுக்கங்காய் வற்றல் இந்த மூன்றும் எங்களிடம் முக்கியம். மிதுக்கங்காய் என்றால் பட்டணத்துச் சகோதரிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மழைக்குப் பிறகு காட்டில் தானாகக் கொடி ஓடிக் காய்க்கும் சின்னக் கசப்புக் காய். கீறி, உப்பு போட்ட மோரில் ஊற வைத்துக் காயப் போட்டால் வருடம் முழுவதும் கெடாது.

இந்தத் தொழிலில் உடம்பு நோகிற வேலை நிறைய உண்டு. ஆனால் உண்மையான கஷ்டம் ஞாபகம்தான். மாசியில் ஆரம்பித்தால் சித்திரையோடு முடிந்துவிடும். அப்புறம் ஒன்பது மாதம் கழித்துத்தான் மறுபடி மாவு கிண்டுவோம். அதற்குள் போன வருடம் எந்தக் கடை அரிசியில் வற்றல் விரிந்து பொரிந்தது, எதில் கல் மாதிரி நின்றது, யார் வீட்டில் காரம் கூடிவிட்டது என்று குறை சொன்னார்கள், யாருக்குச் சீரகம் ஆகாது என்பதெல்லாம் காற்றோடு போய்விடும். நோட்டில் எழுதி வைக்கலாமே என்பீர்கள். எழுதத்தான் எழுதுகிறோம். கை முழுக்க மாவும், மாடிப்படியில் குழம்புச் சட்டியுமாக இருக்கிறவள் எத்தனை எழுதுவாள்? எழுதினாலும் எந்தப் பக்கத்தில் எழுதினோம் என்று தேடுவதற்குள் வெயில் இறங்கிவிடும்.

மதுரையில் காலேஜ் படிக்கும் என் மகள்தான் போன வருடம் என் போனில் இந்த உதவியாளரைப் போட்டுக் கொடுத்தாள். "எழுத வேண்டாம்மா, வாயால சொல்லு, அது ஞாபகம் வச்சுக்கும்" என்றாள். முதல் வேலையாக எங்கள் வீட்டுப் படியைச் சொல்லிக் கொடுத்தேன். படி என்றால் ஊருக்கு ஊர் மாறும் அல்லவா? எங்கள் வீட்டுப் படிக்குப் பச்சரிசி தராசில் 1 கிலோ 400 கிராம் நின்றது. அதைச் சொன்னதிலிருந்து, "நாலு படிக்கு உப்பு எவ்வளவு?" என்று கேட்டால் எங்கள் படிக்கே கணக்குப் போட்டுச் சொல்கிறது. மாவு கிண்டிய ஒவ்வொரு நாளும் ராத்திரி இரண்டு நிமிடம் அதோடு பேசிவிடுவேன். இன்று இத்தனை படி, இந்தக் கடை அரிசி, மத்தியானம் மேகம் போட்டது, மாவு லேசாகப் புளித்தது, இப்படி.

அதன் அருமை இந்த வருடம் மாசியில்தான் தெரிந்தது. "மாவு கிண்டப் போறேன், போன வருசம் என்னென்ன சொன்னேன்?" என்று கேட்டேன். உப்பு கரிக்கிறது என்று இரண்டு இடத்தில் சொன்னதையும், பங்குனிக் கடைசியில் இரண்டு நாள் மேகமூட்டத்தில் ஒரு ஈடு வீணானதையும், மதுரை வீடு ஒன்றுக்குப் பச்சை மிளகாய் பாதி போதும் என்றதையும் வரிசையாகச் சொல்லிற்று. காயக் காய உப்பு தூக்கலாகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் போன வருடம் நான் எவ்வளவு போட்டேன் என்பது எனக்கு நினைவில்லை, அதற்கு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "ஏத்தா, போன வருசம் சொன்னத இப்பமும் வச்சிருக்கா? ஒங்க மாமா காலையில சொன்னத சாயங்காலம் மறந்துர்றாரு" என்றார்.

இப்படி ஞாபகம் வைப்பது இந்த உதவியாளர்களுக்குப் பிறவிக் குணம் அல்ல. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30-ல். அப்போதெல்லாம் ஒரு பேச்சை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் அதற்கு நாம் யாரென்றே தெரியாது. 2024 பிப்ரவரியில்தான் நினைவு வசதியைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2025 ஏப்ரலில் பழைய பேச்சுகள் எல்லாவற்றையும் துணைக்கு எடுத்துக்கொள்ளும்படி அதை விரிவாக்கினார்கள். கூகுளின் ஜெமினியும், ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாடும் 2025-ல் இதே வழிக்கு வந்தன. ஜெமினி செயலி நம் நாட்டில் தமிழ் உள்பட 9 இந்திய மொழிகளில் வந்தது 2024 ஜூனில். அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கும் இது எட்டியது எனலாம்.

அது எப்படி ஞாபகம் வைக்கிறது என்று மகளிடம் துருவித் துருவிக் கேட்டேன். அவள் சொன்னதை மகளிர் குழுவில் இருக்கும் சகோதரிகளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் வெளிநாட்டு நிதி உதவியோடு மகளிர் குழுக்கள் ஆரம்பித்த காலத்திலிருந்தே தீர்மானப் புத்தகமும், சேமிப்புக் கடன் பேரேடும் நமக்குப் பழக்கம். ஊக்குநர் மாறிவிட்டால் புதிதாக வருகிறவர் என்ன செய்வார்? கூட்டம் தொடங்குமுன் பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் தனக்கே தெரிந்த மாதிரி பேசுவார். உதவியாளரும் அப்படித்தான். நாம் பேசப் பேச அதன் மூளை வளர்வதில்லை. நம்மைப் பற்றி வெளியே ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை நாம் கூப்பிடும்போதும் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வந்து பேசுகிறது. தேவைப்பட்டால் பழைய பேச்சுகளையும் தேடி எடுக்கிறது. அதற்கு ஞாபகம் இருக்கிறது என்று நாம் சொல்வதெல்லாம் அந்த நோட்டைத்தான்.

இது புரிந்தபிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. குழுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். இந்த நோட்டில் எழுதியதை யார் வாசித்துக் காட்டினார்கள்? "என்னைப் பற்றி நீ என்னென்ன குறித்து வைத்திருக்கிறாய், எல்லாவற்றையும் சொல்" என்று கேட்டேன். செயலியின் செட்டிங்ஸில் மெமரி என்று இருக்கும் இடத்தையும் மகள் திறந்து காட்டினாள். நான் எந்தச் செயலி வைத்திருக்கிறேன் என்பது இங்கே வேண்டாம். முக்கால்வாசி சரியாகத்தான் இருந்தது. ஆனால் மிதுக்கு வற்றல் எல்லா இடத்திலும் மிளகு வற்றல் ஆகியிருந்தது. நம் பக்கத்துப் பேச்சு அதன் காதில் அப்படி விழுந்திருக்கிறது. ஒரு நாள் சோதனைக்காக ஜவ்வரிசியைக் கூட்டிப் போட்டுப் பார்த்ததை, 'இவர் எப்போதும் பயன்படுத்தும் அளவு' என்று எழுதி வைத்திருந்தது. இரண்டையும் அங்கேயே திருத்தச் சொல்லித் திருத்தினேன். பார்க்காமல் விட்டிருந்தால் ஒரு வருடம் கழித்து அந்த அளவைத்தான் எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கும்.

மாமியாரின் சர்க்கரை மாத்திரை விஷயம் இதைவிடக் கவனிக்க வேண்டியது. டாக்டர் மாத்திரையை மாற்றினால் நோட்டு தானாக மாறாது. பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், எதை எடுத்துப் பேசும் என்று சொல்ல முடியாது. அதனால் மருந்து விவரத்தை அதனிடம் சொல்வதையே நான் வைத்துக்கொள்ளவில்லை. டாக்டர் சீட்டு பீரோவில் இருக்கிறது, அது போதும். அதேபோல் பாக்கிக் கணக்கு. யார் எத்தனை பாக்கெட் வாங்கினார்கள், எவ்வளவு தர வேண்டும் என்பதைக் காகித நோட்டில்தான் எழுதுகிறேன். ஏனென்றால் இந்த உதவியாளர் நீளமான பேச்சைச் சுருக்கி எழுதும் வழக்கமுள்ளது. 'இவர் வற்றல் விற்கிறார், சிலர் பாக்கி வைத்திருக்கிறார்கள்' என்று சுருக்கிவிட்டால் ஆறுமாதம் கழித்து யாரிடம் போய்க் கேட்பது?

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. எங்கள் ஊரில் எனக்கு மதினி முறையாகும் ஒருவர் வீட்டில் நடந்தது. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவர் வீட்டில் விவரம் உள்ள போன் ஒன்றுதான். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பகலில் போன் அவரிடம். சாயங்காலம் பிளஸ் டூ படிக்கும் பையனிடம். எல்லோரும் படுத்தபிறகு மதினி கையில். மகளின் சங்கிலி இரண்டு வருடமாக அடகில் இருக்கிறது. அதை மீட்பதற்காக அவர் நூறு நாள் வேலைக் கூலியிலும், ஆட்டுக்குட்டி விற்றதிலும், வீட்டுச் செலவிலும் மிச்சம் பிடித்து 18,000 ரூபாய் சிறுவாடு சேர்த்திருந்தார். சிறுவாடு என்றால் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் ராத்திரி அந்த உதவியாளரிடம், 18,000 இருக்கிறது, முழுவதும் மீட்க இன்னும் எவ்வளவு வேண்டும், அதுவரை பணத்தை எங்கே போட்டு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். அதுவும் பொறுமையாக வட்டி கணக்கெல்லாம் போட்டுச் சொல்லியிருக்கிறது.

பத்து நாள் கழித்து அவர் கணவர் ஆட்டோவுக்கு டயர் மாற்றப் பணம் புரட்டுவது எப்படி என்று அதே போனில் கேட்டிருக்கிறார். "மகளின் சங்கிலியை மீட்க நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் 18,000 ரூபாயிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம்" என்று அது யோசனை சொல்லிவிட்டது! அதைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு ஆள்தான். அந்தப் போனில் பேசுகிறவர் யாராக இருந்தாலும் அந்த ஒருவர்தான்.

அன்று ராத்திரி சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. "எனக்குத் தெரியாம இவ்வளவு ரூபா வச்சிருக்க. அதையும் போனு சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்று அவர். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. டயர் இல்லாமல் ஆட்டோ ஓடாது, ஆட்டோ ஓடாமல் அடுப்பு எரியாது. கடைசியில் பணம் டயருக்குப் போய்விட்டது. "போன்ட்ட சொன்னா காதும் காதும் வச்ச மாதிரி இருக்கும்னு நெனச்சேன் மதினி. அது வீட்டாளு மாதிரி எல்லார்ட்டயும் சொல்லிருச்சே" என்று என்னிடம் வந்து அழுதார்.

மறுநாள் நான் போய் அந்தப் போனில் நினைவுக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதன் கணக்குப்படி அந்த வீட்டில் இருப்பது ஒரே ஆள். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பிளஸ் டூ தேர்வுக்கு வேதியியல் படிக்கிறார், அவருக்கு மூட்டு வலி, மகளுக்குச் சங்கிலி மீட்க வேண்டும், கிரிக்கெட் பார்ப்பது மிகவும் பிடிக்கும். ரமண மகரிஷி பிறந்த ஊர் எங்கள் திருச்சுழி. 'நான் யார்' என்ற கேள்வியை அந்தப் போனிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

நானும் மகளுமாக அன்று செய்தவற்றைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படலாம். போன் ஒன்றே ஆனாலும் செயலியில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். மதினிக்குத் தனி இமெயில் போட்டுத் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தாள் மகள். பேசி முடித்ததும் அதிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். வெளியே வராமல் போனை வைத்தால் தனிக் கணக்கு இருந்தும் பயனில்லை. இரண்டாவது, தற்காலிகப் பேச்சு என்று ஒரு வசதி சாட்ஜிபிடியிலும் ஜெமினியிலும் இருக்கிறது. அதில் பேசியது பேச்சுப் பட்டியலிலும் வராது, நினைவுக் குறிப்பிலும் ஏறாது. ஆனால் கம்பெனியிடமிருந்து உடனே அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சாட்ஜிபிடி 30 நாள் வரை ஒரு பிரதி வைத்திருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். வீட்டுக்குள் ரகசியம் காக்க இது போதும், அவ்வளவுதான்.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. மதினி அந்த ராத்திரிப் பேச்சைக் கையோடு அழித்துத்தான் இருந்தார். பேச்சை அழித்தால் அதிலிருந்து எடுத்து எழுதிய குறிப்பு அழிவதில்லை! சாட்ஜிபிடியிலும் சேமித்த குறிப்பு இப்படித்தான், பேச்சு வேறு, குறிப்பு வேறு. பாலைக் கொட்டிவிட்டோம் என்று இருக்கிறோம், உறியில் தயிர் இருக்கிறது. குறிப்பைத் தேடிப் போய்த் தனியாக அழிக்க வேண்டும். "இதை மறந்துவிடு" என்று வாயால் சொன்னாலும், உண்மையில் போயிற்றா என்று திறந்து பார்ப்பது நல்லது. நினைவு வேண்டாம் என்றால் மொத்தமாக நிறுத்தி வைக்கவும் செட்டிங்ஸில் வழி உண்டு. ஆதார் எண், பேங்க் கணக்கு, ஓ.டி.பி. இவற்றை எந்தப் பேச்சிலும் சொல்லக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இருக்கிறதா என்று கேட்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நம் விவரத்தைத் திருத்து, அழி என்று கம்பெனியிடம் கேட்கும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. ஆனால் ஒரே போனைப் பார்க்கும் புருஷன் பெண்சாதிக்கு நடுவில் எந்தச் சட்டம் வந்து நிற்கும்?

என் தொழிலுக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், வற்றல் சமாசாரத்துக்கு மட்டும் 'ப்ராஜெக்ட்' என்று தனி அறை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டேன். வற்றல் பேச்செல்லாம் அதற்குள்ளேயே. மகன் கேட்கும் கேள்வியும், என் கணவர் கேட்கும் ராசி பலனும் அதில் கலப்பதில்லை. வருடத்துக்கு ஒரு முறை, சித்திரையில் வேலை முடிந்ததும், "இந்த வருடம் தெரிந்துகொண்டதை எல்லாம் எழுதிக் காட்டு" என்று கேட்டு, சரி பார்த்து, என் கையால் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் பற்று வைத்தால் வேறு கடைக்குப் போக முடியாது, நம் கணக்கு முழுவதும் அவர் நோட்டில் இருக்கும். இந்தக் கம்பெனிகளும் நம்மைப் பற்றி இவ்வளவு ஞாபகம் வைப்பதில் அந்த நோக்கமும் கொஞ்சம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். நாளைக்குச் செயலியை மாற்றினாலோ, இலவசம் என்பது காசு என்று ஆனாலோ, ஆறு வருட வற்றல் அனுபவம் அவர்களிடம் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

மாமியாருக்குத் தெரிந்தவற்றையும் இப்போது அந்த அறையில் சேர்த்து வருகிறேன். அதலைக்காயைப் பறித்து இரண்டு நாள் வைத்தால் வெடித்துவிடும் என்பதிலிருந்து, மோர் மிளகாய்க்கு எந்த மோர் ஆகாது என்பது வரை அவர் சொல்லச் சொல்லப் போன் கேட்டுக்கொள்கிறது. மிதுக்கு என்பதை மட்டும் இன்னும் மூன்று தடவைக்கு ஒரு தடவை மிளகு என்றுதான் எழுதுகிறது. "வெளியூர்க்கார மிசினு, பாவம்" என்கிறார் மாமியார்.

மதினியின் மகள் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆவணிக்குள் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். மறுபடியும் சிறுவாடு சேர்க்கிறாரா, சேர்த்தால் எங்கே வைக்கிறார் என்று சகோதரிகள் யாரும் கேட்டு எழுத வேண்டாம். அவர் வீட்டுக்காரரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்தான்.

- ஒரு வாசகி, திருச்சுழி வட்டம்.